சுமப்பவனும் போரின் பொறுப்பும்

போர் வரலாறுகளிலே தளபதிகளின் பெயர்கள் நிறைந்து கிடக்கின்றன. அத்தளபதிகளின் படை உண்ட தானியத்தைச் சுமந்தவன் யார், படையைக் கடல் கடத்திய கப்பலின் உலைக்குக் கரி அள்ளியவன் யார் என்று நாம் வினவப் புகுந்தால், ஏடுகள் பெரும்பாலும் மௌனஞ் சாதிக்கின்றன. துப்பாக்கியைத் தொடாத அம்மனிதனுக்குப் போரின் பொறுப்பில் பங்குண்டா? உண்டெனின், சுமக்க மறுக்கும் உரிமையும் அவனுக்கு உண்டா?

1914 முதல் 1918 வரை ஜேர்மன் கிழக்காபிரிக்காவில் நடந்த போரை எடுத்துக்கொள்வோம். செற்சி ஈ கடித்துக் குதிரைகளும் எருதுகளும் மடிந்தன. எனவே மனிதனே பொதிமிருகமானான். இங்கே ஒரு கொடுங் கணக்கு உண்டு. இருபத்தைந்து கிலோ தானியத்தைத் தலையிற் சுமப்பவன் நாளுக்கு ஒரு கிலோவைத் தானே உண்பான் என்று கொள்வோம். பன்னிரண்டு நாள் நடந்து சென்று பன்னிரண்டு நாளில் மீள்வானாயின், போர்முனையில் அவன் இறக்கி வைக்க எஞ்சுவது ஒரேயொரு கிலோ! இக்கணக்கை நேர்செய்ய வழிகள் இரண்டு: சுமைகாரரின் தொகையைப் பெருக்கலாம், அவர்களுடைய உணவைக் குறைக்கலாம். இரண்டும் செய்யப்பட்டன. பிரித்தானியர் திரட்டிய சுமைகாரர் ஏறக்குறைய 10 இலட்சம் பேர். அவர்களுள் 95,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோரைக் கொன்றது குண்டன்று. வயிற்றுளைவும் காய்ச்சலும் பசியுமே. தார் எஸ் சலாமில் 'கரியாக்கோ' என வழங்கும் சந்தைப் பகுதியின் பெயர், அச்சுமைகாரர் படையின் ஆங்கிலப் பெயரது திரிபாகும். கட்டாயத்தாற் பிடிக்கப்பட்ட இவர்களிடம் போய்ப் பொறுப்பைப் பற்றிப் பேசுவது குரூரம்.

ஆனால், மறுக்கக்கூடிய நிலையில் உள்ளவன் என் செய்வது?

1945 ஓகஸ்ட் 17ஆந் திகதி இந்தோனேசியா தன் சுதந்திரத்தைப் பிரகடனஞ் செய்தது. இழந்த குடியேற்ற நாட்டை மீட்க ஒல்லாந்தர் விரும்பினர். அதற்கு வேண்டிய கப்பல்கள் பல அவுஸ்திரேலியத் துறைமுகங்களில் நின்றன. செப்ரெம்பரில் இந்தோனேசிய மாலுமிகள் அவற்றிலிருந்து இறங்கினர். துறைமுகத் தொழிலாளர் சங்கம் பகிஷ்காரம் விதித்தது. சீன மாலுமிகளும், பதிலாட்களாக அமர்த்தப்பட்ட இந்திய மாலுமிகளுங்கூட வேலையை விட்டனர். பகிஷ்காரத்துக்கு உட்பட்ட கலங்கள் ஐந்நூறுக்கு மேல் என்பர். அவற்றுட் பெரும்பாலானவை சிறு தோணிகளே. கடல் கடந்து செல்லும் படைக்கு எத்தனை பீரங்கி இருந்தென்ன, அதை ஏற்றுவதற்கு ஒரு கை வேண்டுமே!

துறைமுகத் தொழிலாளி தன் விருப்பு வெறுப்புக்கேற்ப வெளிநாட்டுக் கொள்கையை வகுக்கலாமா என்று கேட்போர் உளர். இக்கேள்வியை நாம் எள்ளி ஒதுக்குவதற்கில்லை. ஆயுதத்தை மறுக்கும் கை நாளை அரிசியையும் மறுக்கலாம். ஆயினும் அதே சங்கத்தினர் பாசிசத்துக்கு எதிரான போரில் இரவும் பகலும் சரக்கேற்றியவர்கள். எதை, எவருக்காக, எவருக்கெதிராகச் சுமக்கிறோம் என்பதை அவர்கள் ஒவ்வொரு தடவையும் கேட்டனர். கேட்டதற்கு விலையும் கொடுத்தனர். சீனாவைத் தாக்கிக்கொண்டிருந்த யப்பானுக்கு வார்ப்பிரும்பு ஏற்றமாட்டோமென 1938 நவம்பரில் போர்ட் கெம்பிளாத் தொழிலாளர் மறுத்தனர். ஏறத்தாழ இரண்டு மாதம் கூலியின்றி நின்றபின், 1939 சனவரியில், கண்டனத்துடன் அவர்கள் அதை ஏற்றவே நேர்ந்தது. இரும்பு போய்ச் சேர்ந்தது. இந்தோனேசியாவிலும் பகிஷ்காரம் படையெடுப்பைத் தடுக்கவில்லை, தாமதப்படுத்தியது. 1947 யூலையில் ஒல்லாந்தர் தாக்கினர். ஆட்சி கைமாற 1949 டிசெம்பர் ஆயிற்று. மறுப்பின் நியாயத்தை அதன் வெற்றியைக் கொண்டு அளப்போர் இவ்விரண்டையும் தோல்வி என்றே எழுதுவர். நமக்கு அந்த அளவுகோல் போதவில்லை.

சீருடை அணிந்தவனும் கேட்டதுண்டு. 1946 சனவரியிற் கராச்சிப் பகுதியில் தொடங்கிய பிரித்தானிய விமானப்படையினரின் வேலைநிறுத்தம் நமது இலங்கைக்கும் பரவியது. தாய்நாடு திரும்பத் தாமதமாயிற்று என்பதே அவர்களின் முதற் குறை. தங்களை இங்கே நிறுத்தி வைப்பது எவரை அடக்குவதற்கு என்ற ஐயமும் சிலரிடம் இருந்தது.

யோரிஸ் இவென்ஸ் என்ற ஒல்லாந்தர், தம் அரசாங்கம் அளித்த திரைப்பட ஆணையாளர் பதவியைத் துறந்து, அவுஸ்திரேலியப் பகிஷ்காரத்தைப் படமாக்கினார். 'இந்தோனேசியா அழைக்கிறது' என்னும் அப்படம் 1946இல் வெளிவந்தது. அதிலே, சிட்னித் துறையை விட்டு ஒரு கப்பல் நகர்ந்துவிடுகிறது. சிறு படகொன்று பின்தொடர்கிறது. படகிலிருந்து ஓர் இந்தியர், கப்பலிலுள்ள இந்திய மாலுமிகளைக் கூவி அழைத்து, அவர்கள் ஏற்றிச் செல்வது இன்னதெனச் சொல்கிறார்.