கட்டிவைத்தலும் கைவிடுதலும்

நாய் ஆளோடு போகும், பூனை வீட்டோடு கிடக்கும் என்று பொதுவாகச் சொல்வோம். இந்தப் பேச்சில் நமக்கொரு வசதி இருக்கிறது. ஊர் மாறும்போது பூனையை விட்டுச் செல்ல இதுவே நியாயமாகிவிடுகிறது. அதனுடைய இடத்தில்தானே விட்டோம் என்று மனதைத் தேற்றிக்கொள்கிறோம். பயணம் போகிறவனுக்குத் தன் வீட்டுப் பூனையிடத்தில் கடமை ஏதும் உண்டா? சின்னக் கேள்விதான். ஆனால் இடம்பெயர்வை வாழ்க்கையின் ஒரு பகுதியாக அனுபவித்த நம்மவர்களுக்கு இது அவ்வளவு சின்னதல்ல.

மட்டக்களப்பு வாவியின் கரைகளில் பழகிப்போன ஒரு காரியத்திலிருந்து தொடங்கலாம். குட்டிகள் பெருகினால் சாக்கில் போட்டு, சைக்கிள் கரியரில் கட்டித் தூரத்தில் கொண்டுபோய் விடுவார்கள். மீன் சந்தையடியில் விட்டால், "மீன்தல கிடைக்கும், பிழைச்சிக்கும்" என்பது சமாதானம். சிலர் வாவியைத் தாண்டியும் கொண்டுபோவார்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அவ்விடத்தில் 'பாதை'யில்தான் அக்கரை சேர வேண்டும். தண்ணீரைக் கடந்தால் பூனை வழியை மறந்துவிடும் என்பது கணக்கு. எழுவான்கரை அடுப்படியில் பிறந்த குட்டி படுவான்கரை வயல்வெளியில் இரவைக் கழிக்கும். அந்தப் பூனைக்கு வாய்த்த காட்டுப் பயணம் அதுதான். இதை நாம் கொலை என்று சொல்வதில்லை. "விட்டுப்போட்டு வந்தோம்" என்கிறோம்.

பூனையைக் கட்டிப்போட்டதால் தண்டனைக்குள்ளான பெண்ணைப் பற்றிய ஹதீஸ் நம் பிள்ளைகளுக்கும் தெரியும். புஹாரியிலும் முஸ்லிமிலும் அது பதிவாகியிருக்கிறது. ஆனால் அந்தக் குற்றத்தை நாம் நிதானித்துப் பார்ப்பதில்லை. பூனையை நேசிக்கவில்லை என்பதல்ல அவள் மீதான குற்றம். அவள் உணவு கொடுக்கவுமில்லை, பூமியின் சிறு பிராணிகளைத் தின்று பிழைக்க அதை அவிழ்த்துவிடவுமில்லை. இரண்டு வாசல்களையும் ஒன்றாக அடைத்தாள். ஆகவே கடமை அன்பிலிருந்து பிறப்பதல்ல, நாம் அடைத்த வாசலிலிருந்து பிறப்பது. எந்த உயிரின் வழியை நாம் மறிக்கிறோமோ அந்த உயிருக்கு நாம் கடனாளிகள்.

இப்படிப் பார்த்தால் சாக்கில் கட்டிக் கொண்டுபோய் விடுபவரும் தப்ப முடியாது. அவர் அவிழ்த்துத்தானே விட்டார் என்று வாதிடலாம். ஆனால் சோற்றுக்கும் மீன் முள்ளுக்கும் பழக்கிய பிராணியை வேட்டை தெரியாத வயதில் அந்நிய வெளியில் அவிழ்ப்பது விடுதலையாகாது. அது கயிறில்லாத கட்டு.

அபூஹுரைரா (ரலி) அவர்களின் பெயர்க்காரணம் இங்கே நினைக்கத்தக்கது. தாம் குடும்பத்தின் ஆடுகளை மேய்த்த நாட்களில் ஒரு சின்னப் பூனை இருந்ததென்றும், இரவில் அதை ஒரு மரத்தில் விட்டுவிட்டுப் பகலில் கூடவே கொண்டுபோய் விளையாடியதாகவும் அவர்கள் சொன்னது திர்மிதியில் இருக்கிறது. மேய்ச்சல் நிலத்தில் பூனையோடு திரிந்த ஒரு மனிதரின் சித்திரம் இது. பகலில் அவரோடு, இரவில் அதனுடைய மரத்தோடு. அவர் கட்டவுமில்லை, கைவிடவுமில்லை.

இனி கடினமான இடத்துக்கு வருவோம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். வன்னிக் காட்டு வழியாக வவுனியா வரை வந்தவர்களும், மன்னாரிலிருந்து வள்ளங்களில் கற்பிட்டிக்கு வந்தவர்களும் உடுத்த உடுப்போடு வந்தார்கள். ஆடு, மாடு, கோழி, பூனை எல்லாம் பின்னால் நின்றன. அந்த மக்களிடம் போய்ப் பூனையை ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்க எவருக்கும் உரிமையில்லை. சக்திக்கு மீறி எந்த ஆத்மாவையும் அல்லாஹ் சிரமப்படுத்துவதில்லை. அங்கே வாசலை அடைத்தவன் வேறொருவன். அந்தப் பிராணிகளின் பசியும் அவன் கணக்கில்தான் சேரும்.

ஆயினும் இயலாமைக்குள்ளும் சிலர் வேறுவிதமாக நடந்திருக்கிறார்கள். 2015இல் மொசூல் நகரிலிருந்து புறப்பட்ட ஓர் ஈராக்கியத் தாய், ஐந்து பிள்ளைகளோடு குன்கூஷ் என்ற வெள்ளைப் பூனையையும் கூடையில் வைத்துத் துருக்கி வழியாகக் கிரேக்கத்தின் லெஸ்பொஸ் தீவுக்கு ரப்பர் படகில் வந்தார். கரையிறங்கிய பரபரப்பில் பூனை ஓடிவிட்டது. குடும்பம் தேடிக் களைத்து வடக்கே நோர்வேக்குப் போய்ச் சேர்ந்தது. தீவில் பூனையைக் கண்டெடுத்த தொண்டர்கள் அதை ஜெர்மனிக்கு அனுப்பிவைத்து, உரியவர்களைத் தேடினார்கள். 2016 பெப்ரவரியில் பனி நிலத்தில் பூனை வீட்டாரிடம் வந்து சேர்ந்தது.

மனிதர்கள் கடலில் மூழ்கும்போது பூனைக்கு இத்தனை பாடா என்று கேட்பார்கள். 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்ட மண்ணில் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் இரக்கம் கூப்பன் கடை அரிசியல்ல, ஒருவருக்கு அளந்தால் மற்றவருக்குக் குறைவதற்கு. அந்தத் தாய் பூனைக்காக ஒரு பிள்ளையையும் விட்டுவரவில்லை. எல்லாம் பறிபோனபின் தன் பொறுப்பில் மிஞ்சியிருந்த ஒன்றைக் கைவிட மறுத்தார், அவ்வளவுதான். அகதி என்ற பெயருக்குள் தன்னை முழுவதுமாகக் கரைத்துவிடாமல், இன்னும் ஒரு வீட்டின் பொறுப்பாளியாக அவர் நின்றார்.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு பயணம் இருக்கிறது. பனிக்காடுகளுக்கும் மலைகளுக்கும் பூனையைக் கழுத்துப்பட்டியோடு கூட்டிப்போய்ப் படமெடுப்பது இன்று பல நாடுகளில் பொழுதுபோக்கு. சில பூனைகள் அதை விரும்பவும் கூடும். அங்கே கேட்க வேண்டியது ஒன்றே: பயந்து ஒடுங்கும் பூனைக்குத் திரும்பிப்போகும் வழி இருக்கிறதா, இல்லையா? இல்லையென்றால் எவ்வளவு நல்ல தீனி போட்டாலும் அது மனிதனின் ஆசைக்கு இன்னொரு உயிர் சுமக்கும் சுமை.

அபூகதாதா (ரலி) வுழூச் செய்யும் பாத்திரத்தைப் பூனை குடிக்கச் சரித்துக் கொடுத்தார்கள். பூனை அசுத்தமானதல்ல, உங்களைச் சுற்றிவரும் கூட்டத்தைச் சேர்ந்தது என்ற நபிமொழியை அப்போது எடுத்துச் சொன்னார்கள். சுற்றிவருவது என்றால் அது நம் உடைமையுமல்ல, நமக்கு அந்நியமுமல்ல. போகவும் வரவும் உரிமையுள்ள ஓர் அமானிதம்.

குட்டிகள் பெருகாமல் கருத்தடை செய்யலாமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பழக்கிய உயிரைப் பட்டினிக்கு விடலாகாது என்பதில் வேறுபாடு இல்லை. சாக்கின் வாயைக் கட்டும் கை அதை நினைத்துக்கொண்டால் போதும்.