நோய் வந்த வழியும் பழியும்

ஓர் ஊரில் கொள்ளைநோய் புகுந்தால், 'இது யாரால் வந்தது?' என்றே மக்கள் முதலில் கேட்கின்றனர். 'எவ்வழியே வந்தது?' என்னும் வினா பின்னரே எழுகிறது. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவதால் விளையும் அநீதி பெரிது.

பழவேற்காட்டு ஏரியைச் சுற்றியுள்ள மீனவக் குப்பங்கள் பலவற்றுக்கு இறாலே பிழைப்பு. இன்னாருக்கு இன்ன நாள், இன்ன இடம் என முறைவைத்து வலையிடும் 'பாடு' வழக்கம் அங்கே தலைமுறைகளாக உண்டு. அதே கடலோரத்தில் 1990களின் தொடக்கத்தில் இறால் பண்ணைகள் பெருகின. 1994-95இல் ஆந்திர, தமிழகப் பண்ணைகளில் வெண்புள்ளி நோய் பரவியது. இறாலின் ஓட்டில் வெள்ளைப் புள்ளிகள் தோன்றும். பத்து நாள்களுக்குள் குட்டை முழுவதும் மடிந்துவிடும். மனிதருக்கு அதனால் நோயில்லை. கடன் மட்டும் மிஞ்சும். பழி சுமத்தவோ ஆள்கள் பலர்: பக்கத்துப் பண்ணைக்காரர், குஞ்சு விற்றவர், கழிவுநீரைத் திறந்துவிட்டவர்.

இந்நோயின் வைரஸ் வந்த வழியை அறிஞர் கண்டறிந்த முறை வியப்புக்குரியது. அதன் மரபுப் பொருள் ஏறத்தாழ 3 இலட்சம் எழுத்துகள் கொண்ட ஏடு எனலாம். பழஞ்சுவடியைப் பெயர்த்தெழுதுவோர் ஒரு வரியை விட்டுவிட்டால், அதைப் பார்த்து எழுதிய சுவடிகள் அனைத்திலும் அவ்வரி இராது. எச்சுவடி எதிலிருந்து பிறந்தது என்பதை அந்த விடுபாடே காட்டிக்கொடுக்கும். மறைநூற் சுவடிகளை ஒப்பிடக் குருமடத்தில் கற்றவர்களுக்கு இது புதிதன்று. 2001இல் இந்த வைரஸின் ஏடு முழுமையாகப் படிக்கப்பட்டது. தைவான் வைரஸில் உள்ள ஏறத்தாழ 13 ஆயிரம் எழுத்துகள் தாய்லாந்து வைரஸில் இல்லை. வியட்நாமில் கண்டவையும் தாய்லாந்து வைரஸும் ஒரே பொதுவழியினவென்றும், அந்நாட்டுக்குள் அது ஒருமுறையன்றிப் பலமுறை புகுந்திருக்க வேண்டுமென்றும் 2004இல் வெளியான ஆய்வு கூறிற்று. திரும்பத் திரும்ப வரும் சிறு தொடர்களின் எண்ணிக்கையைக் கொண்டு இரு குட்டைகளின் வைரஸ்களையும் வேறுபடுத்தலாம். இந்தியப் பண்ணைகளிலும் இம்முறை கையாளப்பட்டது.

ஆனால், இந்த ஏடு வழியைச் சொல்லுமே தவிர, குற்றத்தைச் சொல்லாது. 1993இல் சீனாவிலிருந்து வந்த குஞ்சுகளோடு நோய் ஜப்பானுக்குச் சென்றது. அனுப்பியவரும் வாங்கியவரும் அதனை அறிந்தா செய்தனர்? முழு அறிவும் முழு இசைவும் இன்றிச் சாவான பாவம் இல்லையென ஞானோபதேச வகுப்பிலேயே படித்திருக்கிறோம்.

அப்படியானால் எவருக்கும் பொறுப்பில்லையா? உண்டு. சில ஆண்டுகளுக்குள் இத்தனை கடல்களைக் கடப்பது வைரஸின் சொந்த ஆற்றலால் ஆனதன்று. விற்பனைக்கென ஏற்றிச் செல்லப்பட்ட குஞ்சுகளும் தாய் இறால்களும் அதனைச் சுமந்தன. அறநெறி இறையியலார் அறியாமையை இரண்டாகப் பிரிப்பர்: வெல்ல இயலாதது ஒன்று, முயன்றால் வெல்லக்கூடியது மற்றொன்று. 1993இல் இருந்தது முதல்வகை. 1990களின் பிற்பகுதியில் பி.சி.ஆர். சோதனை வந்துவிட்டது. அதன்பின் சோதிக்காமல் குஞ்சு விற்றவரின் அறியாமையை நான் முதல்வகையில் சேர்க்கமாட்டேன்.

ஏரிக்கரை மீனவரைக் காக்க இந்த ஆய்வுகள் முடியும்வரை எவரும் காத்திருக்கவில்லை. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், பழவேற்காடு, சிலிகா ஏரிகளிலிருந்து 1000 மீட்டருக்குள் இறால் பண்ணை அமைக்கலாகாது என 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உவர்ப்பேறிய நிலத்தையும் கெட்டுப்போன குடிநீரையும் கண்டு எழுதிய தீர்ப்பு அது. வைரஸின் மூதாதையை அது தேடவில்லை. பின்னர் 2005இல் தனிச்சட்டம் வந்து விதிமுறைகள் மாறின. 2009இல் வெளிநாட்டு வனாமி இறாலுக்கு அனுமதி வழங்கியபோது, வந்திறங்கும் தாய் இறால்களைத் தனிமைப்படுத்திச் சோதிக்கச் சென்னை நீலாங்கரையில் ஒரு நிலையம் அமைந்தது.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. கடன் வாங்கி ஒரே ஒரு குட்டையைக் குத்தகைக்கு எடுத்தவர், விலை மலிவென்று சோதிக்காத குஞ்சை வாங்கி விடுகிறார். நோய் பரவினால் அவர் குட்டையையே ஊர் சுட்டிக்காட்டும். மரபெழுத்தும் அதனை மறுக்காமல் இருக்கலாம். ஆயினும் அவரிடம் கேட்குமுன், சோதனைக்கு வசதியிருந்தும் செய்யாமல் அக்குஞ்சை அவருக்கு விற்றவரிடமே கேட்க வேண்டும் என்பது என் எண்ணம்.