பெயரில்லாக் கடிதங்கள்

ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை பேசி முடித்து, நிக்காஹுக்கு நாளும் குறித்த பிறகு, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்து சேரும். சங்கரன்கோவில் போன்ற ஊர்களில் வாழும் பெரியவர்களுக்கு இது புதிய செய்தியன்று. கீழே கையொப்பம் இராது. 'தங்கள் நலம் நாடும் சகோதரன்' என்றிருக்கும். பெண்ணின் பெயரும் அவள் தகப்பனார் பெயரும் மட்டும் பிழையில்லாமல் எழுதப்பட்டிருக்கும்! இப்பொழுது தபால்தலைச் செலவும் மிச்சம். யாருடையதென்று தெரியாத எண்ணிலிருந்து கைப்பேசிக்கே வந்துவிடுகிறது.

மனிதர்கள் ஏன் பெயரை மறைத்துக்கொண்டு எழுதுகிறார்கள்? கோழைத்தனம் என்று ஒரே சொல்லில் தீர்ப்பளிப்போர் உண்டு. மார்க்கம் அவ்வளவு அவசரப்படவில்லை என்றே நாம் கருதுகிறோம். தர்மத்தை வெளிப்படையாகச் செய்வதைத் திருமறை நல்லதென்கிறது. மறைவாக ஏழைகளுக்குக் கொடுப்பதை அதனினும் மேலாக வைக்கிறது (அல்பகரா 271). இமாம் ஜைனுல் ஆபிதீன் (ரஹ்) அவர்கள் இரவு வேளையில் மாவு மூட்டையைத் தம் முதுகிலேயே சுமந்து சென்று மதீனாவின் ஏழைகளுக்குக் கொடுத்து வந்தார்கள். அவர்கள் வஃபாத்தாகி, வரவு நின்ற பிறகுதான் கொடுத்தவர் யாரென்பது அந்த வீடுகளுக்கு விளங்கியது. ஜனாஸாவைக் குளிப்பாட்டியவர்கள் முதுகில் தழும்பைக் கண்டதாக வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள்.

புகழுக்கு அஞ்சிப் பெயரை மறைத்தவர் அவர். வீட்டுக்கு அஞ்சி மறைப்பவர்களும் உண்டு. திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியில் பிறந்த ரொக்கையா என்ற பெண்மணி, சிறு வயதிலேயே பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர். குடும்பத்தாருக்குத் தெரியாமல் 'சல்மா' என்ற பெயரில் கவிதை எழுதினார். 2001இல் அவ்வூர் ஊராட்சித் தலைவரானார். 2025இல் மாநிலங்களவைக்கே சென்றார். அவர் எழுதியதையெல்லாம் ஏற்க வேண்டுமென்று நாம் சொல்ல வரவில்லை. நமக்கு உடன்பாடில்லாத பக்கங்களும் உண்டு. ஆனால், அவர் பெயரை மறைத்ததால் வேறு எவர் தலையில் பழி விழுந்தது? எவர் தலையிலும் இல்லை. 1938இலேயே நாகூர் சித்தி ஜுனைதா பேகம் அவர்கள் 'காதலா கடமையா' என்ற நாவலைச் சொந்தப் பெயரிலேயே வெளியிட்டார்கள். அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பின்னும் நம் பெண்ணொருத்தி தன் பெயரை மறைக்க நேர்ந்ததென்றால், வெட்கப்பட வேண்டியவர் அவரல்லர்.

மொட்டைக் கடிதம் எழுதுபவன் செய்வது நேர்மாறானது. தன் பெயரை மறைத்துக்கொண்டு அடுத்தவர் பெயரை வீதிக்குக் கொண்டுவருகிறான். பொய்யென்று நாளை தெரிந்தால் பொறுப்பேற்க அங்கே ஆளில்லை. பத்தினிப் பெண்கள் மீது அவதூறு சொல்லி நான்கு சாட்சிகளைக் கொண்டுவராதவனுக்கு எண்பது கசையடி என்று ஸூரத்துந் நூர் விதித்திருக்கிறது. கடிதக்காரன் அந்தத் தண்டனைக்கு வெளியே நின்றுகொள்ளவே பெயரை விட்டுவிடுகிறான். இதைவிட நமக்கு வியப்பளிப்பது, அதை வாங்கிப் படிப்போர் நிலைதான். அறிவிப்பாளர் யாரென்று அறியப்படாவிட்டால் அவரை 'மஜ்ஹூல்' என்று குறித்து, அந்த அறிவிப்பைப் பலவீனமானதென்று ஒதுக்கினார்கள் ஹதீஸ் கலை இமாம்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் பெயரால் வந்த செய்தியிலேயே இத்தனை எச்சரிக்கை! ஓர் ஏழை வீட்டுப் பெண்ணைப் பற்றிய செய்தியென்றால் மட்டும் 'நெருப்பில்லாமல் புகையுமா?' என்று கேட்டுவிட்டு நிக்காஹை நிறுத்திவிடுகிறோம்.

இங்கே ஒரு கேள்வி எழும். கடிதத்தில் இருப்பது உண்மையாக இருந்தால்? பள்ளிவாசல் கணக்கில் குளறுபடி நடப்பதைக் காணும் மோதினார், பெயரிட்டு எழுதினால் அடுத்த மாதம் அவருக்கு வேலை இராது. இது லேசான கேள்வியன்று. தேசிய நெடுஞ்சாலை ஆணையப் பொறியாளர் சத்யேந்திர துபே, சாலைப் பணியின் ஊழலைப் பற்றி 2002இல் பிரதமர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். பெயரை இரகசியமாக வைக்கும்படியும் கேட்டிருந்தார். கடிதம் பெயரோடு அலுவலகம் அலுவலகமாகச் சுற்றியது. 2003 நவம்பரில் கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவர்கள் வழிப்பறிக்காரர்கள் என்று நீதிமன்றம் பின்னர் முடிவு செய்தது. ஆயினும் காக்க வேண்டிய பெயர் காக்கப்படவில்லை என்பது உண்மை. நாடெங்கும் எழுந்த கண்டனத்துக்குப் பின், 2004இல் மத்திய அரசு ஓர் ஏற்பாடு செய்தது. புகார் செய்பவர் தம் பெயரை மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு மட்டும் தர வேண்டும். ஆணையம் அதை வெளியிடாமல் காக்க வேண்டும். பெயரே இல்லாத புகார்களுக்கு அதில் இடமில்லை.

இந்த வழி நமக்குப் புதிதா? முனாஃபிக்குகளின் பெயர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஹுதைஃபா (ரலி) அவர்களிடம் சொல்லி வைத்தார்கள். கலீஃபா உமர் (ரலி) அவர்களே வந்து, அதில் தம் பெயர் இருக்கிறதா என்று கேட்க நேர்ந்ததேயன்றி, பட்டியல் வெளியே வரவில்லை. நம் ஜமாஅத்திலும், முத்தவல்லிக்கும் நிர்வாகிகளுக்கும் கட்டுப்படாத ஒருவரை, பெயரை அமானிதமாகக் காக்கத் தெரிந்தவரை, ஊர் கூடி நியமிக்கலாம். மோதினார் அவரிடம் பெயரோடு சொல்லட்டும். அவர் கணக்கைப் பார்க்கட்டும். அப்படியொரு வாசலைத் திறந்து வைக்காத ஊர், மொட்டைக் கடிதத்தைக் குறை சொல்வது பாதி நியாயம்தான்.

பெண்ணைப் பற்றி வரும் கடிதத்துக்கு அந்த வாசலும் தேவையில்லை. சந்தேகமிருந்தால் மாப்பிள்ளையின் தகப்பனார் பெண் வீட்டுக்கு நேரில் சென்று, அவள் தகப்பனாரிடமே கேட்கலாம். கடிதத்தை மச்சானுக்கும் மாமிக்கும் காட்டாமல், முதலில் அடுப்பில் போட்டுவிட்டுப் போகட்டும்.