பணியாளனும் பாடநூலும்

நாற்பது வயதைக் கடந்த ஒருவர் கையில் பாடநூலைக் கண்டால் நம்மவர் கேட்கும் முதற்கேள்வி, 'எந்த நூல்?' என்பதன்று, 'இது எதற்கு?' என்பதே. பதவி உயர்வுக்கு என்று விடை கூறினால் கேட்டவர் தலையசைத்து அமைவர். படிக்க விருப்பம், அவ்வளவுதான் என்று கூறினாலோ அவர் பார்வையில் ஓர் ஐயம் தோன்றும். வீட்டில் ஏதோ மனக்குறை போலும் என்று எண்ணுவாரும் உளர். இக்கேள்வியைப் பலர் என்னிடம் கேட்டதுண்டு. சென்ற ஆண்டு நானே ஒருவரிடம் அதனைக் கேட்டேன். கேட்டது முறைதானா என்று அன்றுமுதல் எண்ணி வருகின்றேன். மலருக்குக் கட்டுரை வேண்டும் எனச் சங்கத்தார் கேட்டபொழுது, எழுத வேறு பொருள் எனக்குத் தோன்றவில்லை.

மைசூரில் வாழ்வோர் இக்கேள்வியை எண்ணிப் பார்ப்பதில் ஒரு பொருத்தம் உண்டு. 1916ஆம் ஆண்டு தோன்றிய மைசூர்ப் பல்கலைக்கழகம், 1969ஆம் ஆண்டு அஞ்சல் வழிக் கல்வி நிறுவனம் ஒன்றைத் தொடங்கியது. அதற்கு முன்பே 1962இல் தில்லிப் பல்கலைக்கழகம் இவ்வழியைத் திறந்துவிட்டிருந்தது. மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும் தொடர்ந்தன. இங்கிலாந்தின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அரச சாசனம் பெற்றதும் 1969ஆம் ஆண்டில்தான் என்பதை நோக்கும்போது, உழைத்து உண்பவனுக்கும் உயர்கல்வி உண்டு என்னும் எண்ணம் அக்காலத்தே உலகின் பல திசைகளிலும் ஒருங்கே முளைத்ததெனலாம். நம் நாட்டில் 1982இல் ஆந்திரத்திலும், 1985இல் இந்திராகாந்தி பெயராலும் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் எழுந்தன. மைசூரின் அஞ்சல் வழி நிறுவனமே 1996இல் கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமாக உருவெடுத்தது. மானசகங்கோத்திரிக்கு அருகே அதற்கு முக்தகங்கோத்திரி என்று பெயர். முக்த என்றால் தடையற்றது, விடுபட்டது என்று பொருள். வயதுத் தடை, நேரத் தடை, ஊர்த் தடை ஆகியவற்றினின்று விடுபட்ட கல்வி என்று நான் பொருள் கொள்வதுண்டு. வீட்டுத் தடையும் அப்பட்டியலில் சேர வேண்டும் என்பது எனக்குப் பின்னரே விளங்கியது.

என் கதையை முதலில் சுருங்கக் கூறிவிடுகின்றேன். மேல்நிலை வகுப்போடு படிப்பு நின்று, இருபதாவது வயதில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கடைநிலை ஊழியனாகச் சேர்ந்தேன். கோப்புகளை மேசைக்கு மேசை சுமந்தவன், துறைத்தேர்வு எழுதி, அக்கோப்புகளில் குறிப்பெழுதும் எழுத்தனானேன். (எழுத்தர் என்றவுடன் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராயிருந்த கணித மேதை இராமானுஜனை நினைவூட்டும் நண்பர்கள் உண்டு. அவரை இங்கே இழுப்பது அவருக்கும் நீதியன்று, எனக்கும் நீதியன்று.) பின்னர்த் தமிழகத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் அஞ்சல் வழியே வரலாறு படித்துப் பி.ஏ. பட்டம் பெற்றேன். தேர்வு எழுத ஆண்டுதோறும் கோபிச்செட்டிப்பாளையம் செல்லவேண்டும். சாமராசநகர் கடந்து திம்பம் மலைப்பாதையின் இருபத்தேழு கொண்டையூசி வளைவுகளிலும், ஒரு கையில் எலுமிச்சம்பழமும் மறுகையில் குறிப்பேடுமாக அமர்ந்திருந்த என்னைக் கண்டு நடத்துநரே இரக்கப்பட்டார். பிரெஞ்சுப் புரட்சியின் காரணங்களை இன்றும் நினைக்குந்தோறும் எனக்கு எலுமிச்சை மணம் வருகின்றது.

அப்பட்டத்தால் விளைந்தது என்ன? பட்டதாரிகளுக்கான பணித்தேர்வை இருமுறை எழுதினேன், இருமுறையும் தேறவில்லை. முதுநிலை எழுத்தர் பதவி பின்னாளில் பணிமூப்பினால் வந்தது. அதற்குப் பட்டம் தேவையில்லை. ஊதியக் கணக்கில் பார்த்தால் அம்மூன்றாண்டுப் படிப்பின் வரவு சுழியம். ஆயினும் அதனை வீண் என்று நான் ஒருநாளும் கருதியதில்லை. சீரங்கப்பட்டணத்துக் கோட்டைச் சுவரருகே நிற்கும்போது, படிப்பதற்கு முன் நான் கண்டது கல். படித்தபின் கண்டது 1799. இதனை எந்தப் பேரேட்டில் எந்தப் பத்தியில் எழுதுவது?

கற்றலின் பயனைப் பற்றி நண்பர்கள் வாதிடும்போது எனக்கு இரு மொழிகள் நினைவுக்கு வரும். மத்திய அரசு ஊழியருக்கு இந்தி கற்பிக்கும் திட்டத்தில் பிரபோத், பிரவீண், பிராக்யா முதலிய படிகள் உண்டு. தேறியோர்க்கு ஊக்கத்தொகையும் உண்டு. நானும் தேறினேன், தொகையும் பெற்றேன். ஓராண்டு அது நின்றதும் மொழியும் என்னைவிட்டு மெல்ல விடைபெற்றது. கன்னடமோ, நான் ராமாபுரத்தில் குடியேறிய புதிதில், தண்ணீர் வரும் நேரம் கேட்கவும், பால்காரரிடம் கணக்குத் தீர்க்கவும், பக்கத்து வீட்டுப் பெரியவர் நோயுற்றபோது மருத்துவமனையில் உடனிருக்கவும் கற்ற மொழி. அதற்கு எவரும் சான்றிதழ் தரவில்லை; அது என்னைவிட்டுப் போகவுமில்லை. இதனைக் கொண்டு, ஊதியத்துக்காகக் கற்பது தாழ்ந்தது, அன்புக்காகக் கற்பது உயர்ந்தது என்று முடிவு கட்ட ஒரு காலத்தில் விரைந்தேன். அது பிழை. கடைநிலை ஊழியன் எழுத்தனாகத் துறைத்தேர்வுக்குப் படித்ததும் ஊதியத்துக்காகவே. அந்த ஊதியத்தில்தான் என் தங்கையின் திருமணம் நடந்தது. வயிறு நிரம்பியவன் 'கல்வி கல்விக்காகவே' என்பதும், வயிறு நிரம்பாதவன் 'கல்வி எதற்கு' என்பதும் ஒரே மேசையின் இருபுறமும் அமர்ந்து பேசும் பேச்சன்று.

இங்கேயே நான் அடிக்கடி காணும் ஒரு காட்சி உண்டு. இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும் 1969இல் மைசூரில் தோன்றியதே. அதன் தென்மண்டல மொழி மையத்துக்குப் பிற மாநிலங்களிலிருந்து, பணியிலிருக்கும் பள்ளி ஆசிரியர்கள் வருவர். பல மாதங்கள் தங்கித் தமிழோ, தெலுங்கோ, கன்னடமோ, மலையாளமோ கற்றுச் செல்வர். வடநாட்டு ஆசிரியர் ஒருவர், நரைத்த மீசையுடன், தேநீர்க் கடையில் என்னிடம் ழகரத்தை ஒலித்துக் காட்டி, 'சரியா?' என்று கேட்டார். சரியில்லை. நம் பிள்ளைகள் பலரைவிட அது மோசமுமில்லை. தன் வகுப்பில் நாளெல்லாம் 'சரி, தவறு' என்று பிறர்க்குச் சொல்லியவர், முன்பின் அறியாத ஒருவனிடம் வாயைத் திறந்து காட்டி நின்றாரே, அந்த நிலைதான் முதியோர் கல்வியின் முதற்பாடம் என்று எனக்குத் தோன்றுகின்றது. இளையவன் அறியாமை இயல்பானது, அதில் நாணமில்லை. பதவியும் நரையும் பெற்றவன் தன் அறியாமையை வெளியிடுவதற்கு ஒரு துணிவு வேண்டும்.

இத்துணிவுக்குத் தமிழில் நாம் நன்கறிந்த சான்று உ. வே. சாமிநாதையர். 1880ஆம் ஆண்டு கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தவர் அவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் என்னும் பெருமையும் உடையவர். அவ்வாண்டே அரியிலூரிலிருந்து மாற்றலாகி வந்த முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியார், என்னென்ன படித்தீர் என வினவினார். ஐயர் தாம் பயின்ற அந்தாதிகளையும் புராணங்களையும் அடுக்கினார். கேட்டவர் வியக்கவில்லை, சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்றார். இல்லை என்பதே விடை. அன்று ஐயர் சினந்து திரும்பியிருக்கலாம். வேலை கைக்கு வந்துவிட்டது, ஊதியம் குறையப்போவதில்லை. அவர் செய்தது வேறு. அந்நூலில் விளங்காத சமணக் கருத்துகளைக் கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்குச் சென்று கேட்டுக் கற்றார். சிந்தாமணிப் பதிப்பு 1887இல் வெளிவந்தது. பணியில் சேர்ந்தபின் தொடங்கிய படிப்பே அவரை நாம் அறிந்த உ. வே. சா. ஆக்கியது. ஐயரைப் புகழுமளவு நாம் அம்முன்சீப்பைப் புகழ்வதில்லை என்பது என் குறை. பகலெல்லாம் வழக்குக் கட்டுகளைப் புரட்டிய ஓர் அலுவலர், மாலையில் பழந்தமிழ் ஏட்டைப் புரட்டினார். இது அவருக்கு எதற்கு என்று யாரேனும் கேட்டுத் தடுத்திருந்தால்?

எனினும், கற்றதே பயன், சான்றிதழ் வெறும் தாள் என்று பேசுவோரையும் நான் அஞ்சுகின்றேன். 2015ஆம் ஆண்டு நிகழ்ந்ததை மைசூர் மறக்கவில்லை. கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கு 2012-13ஆம் கல்வியாண்டுக்குப் பின் அங்கீகாரம் இல்லை என்று பல்கலைக்கழக மானியக் குழு அவ்வாண்டில் அறிவித்தது. தன் எல்லைக்கு அப்பால் பிற நிறுவனங்கள் வழியே பாடங்கள் நடத்தியமை காரணங்களுள் ஒன்று. 2018இல் அங்கீகாரம் மீண்டது. இன்று அப்பல்கலைக்கழகம் இயங்கி வருகின்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் சேர்ந்தோர் நிலை என்ன? பகலில் கடையிலும் தொழிற்கூடத்திலும் உழைத்து, இரவில் படித்து, அந்தப் பட்டத்தை நம்பிப் பதவிக்கு விண்ணப்பித்தோர் பலர். அவர்களிடம் சென்று, 'அறிவு உங்களிடம் இருக்கின்றதே, அதை யார் பறிக்க இயலும்?' என்று ஆறுதல் கூறுவது எளிது. மாதம் பிறந்தால் ஊதியம் வரும் என் போன்றோர் வாயில் அது இன்னும் எளிது. பூட்டிய கதவின்முன் நிற்பவனுக்குச் சாவியின் உலோகம் தூயது என்று சொல்வது போன்றது அவ்வாறுதல். கற்பவன் பயன் கருதாதிருத்தல் அவன் பெருந்தன்மை. கற்பிக்கும் நிறுவனமும் அரசும் அப்பெருந்தன்மையைத் தம் பொறுப்பைத் தட்டிக்கழிக்கப் பயன்படுத்தல் ஆகாது.

இப்பொழுது அரசே ஊழியர் கல்வியைக் கைப்பேசிக்குள் கொண்டுவந்துவிட்டது. 2020இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த கர்மயோகித் திட்டத்தின்படி, நாங்கள் இணையத்தில் பாடங்களைக் காண்கின்றோம். முடித்தால் சான்றிதழ் வருகின்றது. நல்ல பாடங்கள் பல உள்ளன. காணொளியை ஓடவிட்டுவிட்டு, நிலுவைக் கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்த குற்றத்தை நானும் செய்துள்ளேன். சான்றிதழ் வந்தது, என்ன பாடம் என்று அன்று மாலை மகள் கேட்டபோது விழித்தேன். திம்பத்து எலுமிச்சை நினைவுக்கு வந்தது.

இனி, தொடக்கத்தில் கூறிய செய்திக்கு வருகின்றேன். சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு மாலை, என் மனைவி முக்தகங்கோத்திரியில் பி.ஏ. சேரப்போவதாகச் சொன்னாள். அவளும் மேல்நிலை வகுப்பு முடித்தவள். மணமாகி இங்கு வந்தவள். அகவை நாற்பத்திரண்டு. என் வாயிலிருந்து வந்த முதற்சொல், "இப்ப அது எதுக்கு?" என்பதே. "வேலைக்குப் போகப்போறியா?" என்றும் கேட்டேன். அவள் சினக்கவில்லை. "உங்களுக்கு மூணு வருஷம் ராத்திரி விளக்கு எரிஞ்சுதே, அப்ப நான் கேட்டேனா?" என்றாள்.

கேட்கவில்லை. அம்மூன்றாண்டுகளிலும் கைக்குழந்தை இரவில் அழுதால் அடுத்த அறைக்குத் தூக்கிச் சென்றவள் அவள். தேர்வுக் கட்டணம் கட்டிய மாதங்களில் தீபாவளிச் சேலையை வேண்டாம் என்றவளும் அவள். நான் அவ்விரவுகளை 'என் உழைப்பு' என்றே இதுகாறும் கணக்கெழுதி வந்தேன். மணமானவன் படிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் வேறொருவர் பங்கிலிருந்து எடுக்கப்படுகின்றது. பள்ளி மாணவனுக்கு இச்சிக்கல் இல்லை. அவனுடைய நேரத்தில் பிறருக்குப் பங்கில்லை. ஆகவே, 'எதற்கு?' என்று கேட்கும் உரிமை அயலாருக்கு இல்லை, மேலதிகாரிக்கு ஓரளவே உண்டு, நேரத்தை ஈந்த குடும்பத்தாருக்கு முழுதும் உண்டு என்றே நான் கருதுகின்றேன். அவ்வுரிமை முழுதும் உடையவள் அன்று கேட்கவில்லை. கடனாளியாகிய நான் இன்று கேட்டேன்.

பாடங்களைக் கன்னடத்திலேயே படிப்பேன் என்று அவள் சொன்னபோது மற்றொரு வியப்பு. கன்னட எழுத்து எப்போது கற்றாய் என்றேன். மகளுக்கு முதல் வகுப்பில் வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்ததாம். ஒவ்வோர் ஆண்டும் மகளோடு ஒரு வகுப்பு ஏறியதாகவும், பத்தாம் வகுப்புச் சமூகவியல் நூல் வரை வந்துவிட்டதாகவும் கூறினாள். கன்னடம் பேசக் கற்றதைப் பெருமையாக மேலே எழுதினேனே, எனக்கு இன்றும் பேருந்துப் பலகைக்கு மேல் எழுத்துக்கூட்டத் தெரியாது. ஒரே வீட்டில் பத்தாண்டுகள் நடந்த ஒரு பள்ளியை நான் கண்டதே இல்லை.

அவள் சேர்ந்துவிட்டாள். பாடநூல்கள் வந்த அன்று, மகள் உயர்நிலைப் பள்ளியில் பயன்படுத்தி மீந்த பழுப்புத் தாளை எடுத்து அட்டை போட்டுத் தருமாறு என்னிடம் கூறினாள். போட்டேன். பெயரை எந்த மொழியில் எழுதட்டும் என்று கேட்டேன். அதைத் தானே எழுதிக்கொள்வதாகச் சொல்லிப் பேனாவை வாங்கிக்கொண்டாள். தொடர்பு வகுப்பு நாள்களில் சமையல் என் பொறுப்பு. சோறு ஒருவாறு பழகிவிட்டது; சாம்பாருக்குப் புளி எவ்வளவு என்பதைக் கைப்பேசியில் அழைத்துக் கேட்டால் வகுப்பில் இருப்பதாக அவள் எடுப்பதில்லை. மகளைக் கேட்டுத்தான் கரைக்கின்றேன்.