திறவுகோல் ஓர் அமானிதம்

 

வியாபாரம் செய்யும் நமக்குப் பூட்டின் அருமை தெரியும். இன்று நாம் சொல்ல வந்ததும் ஒரு பூட்டைப் பற்றியதே.

1996-ம் ஆண்டில் ஆஸ்ட்ரோ தொடங்கியபின் மலேசியாவில் வீட்டுக்கு வீடு கூரையில் டிஷ் வந்துவிட்டது. துணைக்கோள் அனுப்பும் படம் சந்தா கட்டியவர் கூரையிலும் விழுகிறது. கட்டாதவர் கூரையிலும் விழுகிறது. ஆனால் அது கலைத்துப் பூட்டப்பட்டே வருகிறது. அதைத் திறக்கும் சாவி ஓர் இரகசிய எண். சாதாரணமாகப் பத்து வினாடிக்கு ஒருமுறை அது மாறிவிடும். அந்த எண்ணும் படத்தோடு, வேறொரு பூட்டுக்குள் அடைபட்டு வருகிறது. அந்த இரண்டாம் பூட்டைத் திறப்பதுதான் பெட்டியில் செருகும் கார்டின் வேலை.

கார்டுப் பகிர்வு என்பது யாதெனில், ஒருவர் ஒரு சந்தா கட்டி, தம் கார்டு திறந்து தரும் எண்ணை இணையத்தின் வழியே பல வீட்டுப் பெட்டிகளுக்கு அனுப்பி வைப்பதாகும். படம் அவரவர் கூரையிலேயே விழுகிறது. சாவி மட்டுமே கைமாறுகிறது. இதற்கு மாதாமாதம் வெள்ளி வசூலிப்பவர்களும் உண்டு.

“கூரையில் விழும் மழையைப் பிடிப்பது களவா?” என்று கேட்கிறார்கள். மழைக்குப் பூட்டு இல்லை, சகோதரர்களே! பூட்டின்றி இலவசமாக வரும் ஒளிபரப்பை மழைக்கு ஒப்பிடலாம். அதைத் தாராளமாகப் பார்க்கலாம். கார்டோ, ஒரு வீட்டுக்கென்று ஒப்பந்தம் செய்து ஒப்படைத்த அமானிதம். நம் கடைச் சாவியை நம்பிக் கொடுத்த ஆள், அதைப்போல் பத்துச் சாவி செய்து விற்றுவிட்டு, “பூட்டை நான் உடைக்கவில்லையே” என்றால் நாம் ஒப்புவோமா? ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்பது ஸூரத்துல் மாயிதாவின் முதல் வசனத்திலேயே உள்ள கட்டளையன்றோ?

“பெரிய கம்பெனிக்கு இதனால் என்ன நஷ்டம்?” என்பது அடுத்த கேள்வி. எடையில் ஒரு பிடி குறைப்பவனும் அப்படித்தான் எண்ணுகிறான். தமக்கு நிறைய அளந்து வாங்கி, பிறருக்குக் குறைத்துக் கொடுப்போரைக் கண்டிக்கவே ‘முதஃப்பிஃபீன்’ என்று ஓர் அத்தியாயம், திருக்குர்ஆனில் 83-வதாக, இருக்கிறது. வாங்குகிறவர் பணக்காரரா ஏழையா என்று தராசு பார்ப்பதில்லை.

“மார்க்க நிகழ்ச்சிதானே பார்க்கிறோம்” என்பாரும் உளர். அபகரித்த தண்ணீரில் ஒளுச் செய்ய நம் மனம் துணியுமா?

ஆகவே, இயன்றால் முறையாகச் சந்தா கட்டுவோம். இயலாவிட்டால் இலவசமாக வருவதைக் கொண்டு திருப்தியடைவோம். கடையில் இதை விற்போர் இன்றே நிறுத்திவிடட்டும். அந்தச் சில வெள்ளி, நாள் முழுதும் நின்று சம்பாதித்த ஹலாலான காசோடு ஒரே கல்லாவில் கலக்கிறது. அதிலிருந்துதான் நம் பிள்ளைகளுக்குச் சோறு போகிறது.

ஹலாலான ரிஸ்கையும் அதில் பரக்கத்தையும் வல்ல நாயன் நம் யாவருக்கும் அருள்வானாக! ஆமீன்.