பாயின்ட்டுக்கு வைத்தியம்

2005 ஏப்ரல். பிரிட்டனில் தேர்தல் நேரம். பிபிசி தொலைக்காட்சியில் பிரதமர் டோனி பிளேரைப் பொதுமக்கள் கேள்விகளால் துளைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண்மணி எழுந்தார். டாக்டர் ஒரு வாரம் கழித்து வரச் சொல்கிறாராம். ஆனால் அதற்கு இன்றைக்கே நேரம் குறித்துத் தர மாட்டார்களாம். ‘வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடி போன் பண்ணுங்க’ கதைதான்.

காரணம், அரசாங்கம் வைத்த இலக்கு. கேட்டவர் 48 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். இலக்கை எட்டினால் ஊக்கத்தொகை. முன்பதிவையே நிறுத்திவிட்டால் கணக்குப்படி யாருமே காத்திருக்க மாட்டார்களே! அரங்கில் வேறு சிலரும் ‘எங்களுக்கும் இதேதான்’ என்று சொல்ல, பிளேர் திகைத்துப்போனார்.

அதற்கு முந்தைய வருடம்தான் அங்கே குடும்ப டாக்டர்களுக்குப் பாயின்ட் போட்டுப் பணம் தரும் திட்டம் வந்திருந்தது. 146 அளவுகோல்கள், மொத்தம் 1,050 பாயின்ட்டுகள். ரத்த அழுத்தம் பார்த்தால் பாயின்ட். சிகரெட்டை விடச் சொன்னால் பாயின்ட். முதல் வருடமே சராசரியாக 90 சதவிகிதத்துக்கு மேல் அள்ளிவிட்டார்கள்.

நல்லதும் நடந்தது, மறுப்பதற்கில்லை. சர்க்கரை, ஆஸ்துமா நோயாளிகளுக்குக் கவனிப்பு கூடியது. ஆனால் பிற்பாடு ஆராய்ந்தபோது வேறொன்றும் தெரிந்தது. பாயின்ட் இல்லாத சில வேலைகள் பின்தங்கியிருந்தன. வழக்கமாகப் பார்க்கிற டாக்டரையே தொடர்ந்து பார்ப்பதும் குறைந்திருந்தது.

2014-ல் இங்கிலாந்தில் சில அளவுகோல்களை நீக்கினார்கள். உடனே பதிவேடுகளில் அந்த வேலைகள் சரிந்தன. அதிலும் ‘நோயாளிக்கு ஆலோசனை சொன்னேன்’ என்கிற வகைப் பதிவுகள்தான் ரொம்பவே.

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. காசு நின்றதும் நின்றுபோனது எது? ஆலோசனை சொல்வதா, சொன்னதாக எழுதுவதா? எழுதுவது மட்டும்தான் என்றால், அத்தனை வருடம் கொடுத்ததில் ஒரு பகுதி வெறும் எழுத்துக்கூலி. சொல்வதே நின்றுவிட்டது என்றால் இன்னும் மோசம். கடமையாகச் செய்துவந்ததற்கு ஒரு விலை போட்டோம்; விலையை எடுத்ததும் கடமையும் கூடவே போய்விட்டது என்று அர்த்தம்.

முன்பதிவை நிறுத்தியவர்கள் கெட்டவர்கள் இல்லை. யாரும் பணத்தைத் திருடவில்லை. கேட்ட கணக்கைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். நல்ல மனுஷனிடமும் ‘எத்தனை பேர், எத்தனை பேர்’ என்றே கேட்டுக்கொண்டிருந்தால், எதிரே உட்கார்ந்திருப்பவர் யார் என்பது மறந்துபோகும்.

ஸ்காட்லாந்து 2016-ல் இந்தப் பாயின்ட் திட்டத்தையே தலைமுழுகிவிட்டது.

மருந்துச் சீட்டை நீட்டும்போது சில டாக்டர்கள் நம் முகத்தைப் பார்த்து, ‘வேற ஏதாவது சொல்லணுமா?’ என்று கேட்பார்கள். நாமும் தயங்கித் தயங்கி நிஜமான வியாதியைச் சொல்வோம். அந்தக் கேள்விக்கு எத்தனை பாயின்ட் போடுவீர்கள்?