நான்காய் மடித்த தாள்

“இவ்வளவுதானா?” என்றுதான் கேட்டேன். அவன் பதில் பேசவில்லை. மேசையில் கிடந்த தாளை எடுத்து நான்காய் மடித்தான். மடிப்பை நகத்தால் நீவிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “சரி சார்” என்று போய்விட்டான். அடுத்த பருவத்தில் ஆய்வை விட்டு வேலைக்குப் போனான்.

கிடங்குகளை எங்கெங்கே வைத்தால் செலவு குறையும் என்கிற கணக்கில் ஒரு கிளை அவனுடையது. இந்த மாதிரிக் கணக்குகளுக்கு ஆகச் சிறந்த விடையை வேகமாகக் கண்டுபிடிக்கும் வழி யார் கையிலும் இல்லை. ‘சிறந்ததைப்போல் இத்தனை மடங்கைத் தாண்டாது’ என்று உறுதி சொல்லும் வழிமுறையைத்தான் தேடுகிறோம். நிரூபணம் உள்ள குத்துமதிப்பு. அந்த மடங்கை அவன் நான்காவது தசமத்தில் குறைத்திருந்தான்.

பிறகு 2020 வந்தது. எல்லா ஊருக்கும் போய்த் திரும்பும் விற்பனையாளர் கணக்குக்கு 1976-இல் கிறிஸ்டோஃபிடீஸ் தந்த ஒன்றரை மடங்கு, 44 வருடம் அசையாமல் இருந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கார்லின், கிளைன், ஓவைஸ் கரன் மூவரும் அதைக் குறைத்தார்கள். எவ்வளவு? தசமப் புள்ளிக்குப் பிறகு 35 சுழியம், அப்புறம் ஒரு 1. அதைவிடச் சற்று அதிகம். வகுப்பில் சுழியங்களைப் பலகையில் எழுதிக்கொண்டே போனேன். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு நகம் நீவும் சத்தம் கேட்டது.

அது நாற்பது வருடச் சுவரில் விழுந்த முதல் விரிசல், இவனுடையது வெறும் பூச்சு வேலை என்று சொல்லிக்கொள்கிறேன். பகலில் இந்தச் சமாதானம் எடுபடுகிறது.

அப்பா தையல்காரர். ரவிக்கைத் துணியை நான்காய் மடித்து, அளவுத்தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் போட்டுப் பார்ப்பார். சாக்குக்கட்டி காதில் இருக்கும். கடைசியில், “ரெண்டு விரக்கடை மிச்சம்டா” என்பார். யாருக்கு மிச்சம் என்று ஒருநாள் கேட்டேன். துணிக்காரம்மாவுக்கு அது தெரியவே தெரியாது. அப்பா கத்தரியை எடுத்துக்கொண்டார். அந்தத் துண்டுகளில் அம்மா தைத்த பையில்தான் நான் சிலேட்டு கொண்டுபோனேன். அதற்காகத்தான் மிச்சம் பிடித்தார் என்று சொல்லிவிட முடியாது. துண்டு விழாத நாளிலும் திருப்பிப் போட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அவனைத் தேடிப் பிடித்து ஒரு வார்த்தை சொல்லலாம். ஆனால் என்னவென்று? முதல் பக்கத்தில் இருந்த எண்ணை மட்டும்தான் அன்று பார்த்தேன். நிரூபணம் பின்பக்கத்தில் இருந்தது. தாளை நான் திருப்பவில்லை. அது சரியா தப்பா என்பதே எனக்குத் தெரியாது.